கோலார் மாவட்ட ஏரிகளும் வறண்டநில வாழ்வியலும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கருநாடக மாநிலத்தின் கிழக்கெல்லையில், ஆந்திரப் பிரதேசத்தையும் தமிழ்நாட்டையும் தொட்டு நிற்பது கோலார் மாவட்டம். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத இம்மாவட்டம் வெளியுலகுக்குத் தங்கத்தால் அறிமுகமானது. ஆனால் அம்மண்ணில் பயிரிட்டு வாழ்ந்த மக்களைத் தாங்கி நின்றவை ஏரிகளே ஆகும். கோலார் தங்கவயலின் நவீன வரலாறு ஏறத்தாழ 120 ஆண்டுகளில் முடிந்துவிட்டது. ஏரிகளின் வரலாறோ ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தது. எனினும் இம்மாவட்டத்தைப் பற்றிய எழுத்துகளில் பொன்னுக்குக் கிடைத்த இடம் நீருக்குக் கிடைக்கவில்லை.

கோலார் இன்று ‘வறட்சி மாவட்டம்’ எனவே பெரிதும் சுட்டப்பெறுகிறது. இவ்வறட்சி மழைக்குறைவால் மட்டும் விளைந்ததா, நீரைக் காத்துவந்த ஊரமைப்பின் சிதைவும் அதற்குக் காரணமா என்னும் வினாவை முன்வைத்து, அப்பகுதியின் நில அமைப்பு, கல்வெட்டுச் செய்திகள், வேளாண்மை வழக்குகள், இடப்பெயர்வு ஆகியவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நில அமைப்பும் நீர்வளமும்

தக்காணப் பீடபூமியின் தென்கிழக்கு விளிம்பில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 முதல் 900 மீட்டர் உயரத்தில் கோலார் அமைந்துள்ளது. மிகப் பழமையான பாறைகளும், அவற்றின் மேல் மெல்லிய செம்மண்ணும், இடையிடையே வெறும் உருண்டைக் கற்களாலான குன்றுகளும் இந்நிலத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கின்றன. மழைநீரைத் தன்னுள் நெடுநாள் தேக்கிவைக்கும் தன்மை இப்பாறைக்கு இல்லை. பாறை வெடிப்புகளிலும் சிதைந்த மேற்படிவத்திலும் தங்கும் சிறிதளவு நீரே நிலத்தடி நீராகும்.

ஆண்டு மழையளவு ஏறத்தாழ 700 மில்லிமீட்டரை ஒட்டியது. தென்மேற்குப் பருவக்காற்றின் வலிமை குன்றிய பகுதியும், வடகிழக்குப் பருவக்காற்றின் தொடக்கமும் இங்கு மழை தருகின்றன. செப்டம்பர், அக்டோபர் திங்களிலேயே மிகுதியான மழை பெய்கிறது. சில நாள்களில் கொட்டித் தீரும் இம்மழையைப் பிடித்து வைக்காவிடில் எஞ்சிய திங்களில் ஊரில் நீர் இராது.

பாலாறு, தென்பெண்ணை, வடபெண்ணை, பாபாக்கினி ஆகிய ஆறுகள் பழைய கோலார் மாவட்டத்தில் நந்திமலையையும் அதனைச் சூழ்ந்த மேட்டுநிலத்தையும் ஒட்டித் தோன்றுவன. 2007ஆம் ஆண்டில் சிக்கபள்ளாப்பூர் தனி மாவட்டமாகப் பிரிக்கப்பெற்றபோது ஆற்றுத் தோற்றுவாய்களுட் பெரும்பாலானவை அம்மாவட்டத்திற்குச் சென்றன. நான்கு ஆறுகளுக்குப் பிறப்பிடமாக இருந்தும், அவற்றுள் எதுவும் இங்கு ஆறாக ஓடுவதில்லை என்பது கருதத்தக்கது. இங்கு அவை ஓடைகளே. அவ்வோடைகளின் குறுக்கே ஒன்றன்கீழ் ஒன்றாகக் கரையெழுப்பி, மேலேரியின் மிகைநீர் கீழேரிக்குச் செல்லுமாறு அமைத்த தொடரேரிகளே இந்நிலத்தின் ஆறுகளாக விளங்கின. பிரிக்கப்படாத மாவட்டத்தில் இத்தகைய ஏரிகள் மூவாயிரத்திற்கும் மேற்பட்டிருந்தன. மைசூர் நாட்டின் பொறியாளராக விளங்கிய சாங்கி, 1866இல், புதிதாக ஓர் ஏரி அமைப்பதற்குரிய இடத்தைக் கண்டறிவதே அரிது என்னும் அளவிற்கு நீர்த்தேக்கும் முறை அந்நாட்டில் பரவியிருந்ததைச் சுட்டியுள்ளார்.

சொல்வழக்குகள் காட்டும் உறவு

கன்னடம், தெலுங்கு, தமிழ் ஆகிய மும்மொழிகளும் சந்திக்கும் இடமாகக் கோலார் விளங்குகிறது. நீர்ப்பாசனச் சொற்களில் இவ்வுறவு தெளிவாகப் புலப்படுகிறது. ஏரியைக் குறிக்கும் கன்னடக் ‘கெரெ’ என்பதும் தெலுங்குச் ‘செருவு’ என்பதும், அணை, நீர்நிலை எனப் பொருள்படும் தமிழ்ச் ‘சிறை’ என்னும் சொல்லோடு ஒரே வேரின என்பது மொழியறிஞர் கருத்து. தமிழ்த் ‘தூம்பு’ கன்னடத்தில் ‘தூபு’ என வழங்குகிறது. மிகைநீர் வழியும் இடம் இருமொழியிலும் ‘கோடி’ எனப்படும். ஏரி நிரம்பி வழிவதைக் ‘கோடி விழுந்தது’ என்பர் கன்னடர். ‘கோடி போனது’ என்பர் தமிழர். தமிழில் ஆயக்கட்டு எனப்படும் பாசனநிலம் இங்கு ‘அச்சுக்கட்டு’ ஆகும். கிணற்றிலிருந்து எருதுகளைக் கொண்டு நீரிறைக்கும் ‘கபிலை’ இரு நிலத்திற்கும் பொதுவானது.

கல்வெட்டுகளில் ஏரிகள்

கோலாரின் பழம்பெயர் குவளாலபுரம் என்பதாகும். மேலைக் கங்கரின் தொடக்ககாலத் தலைநகராக இது விளங்கியது. கங்கர் ஆட்சி நீங்கிய பின்னரும் ‘குவளாலபுரத்து இறைவர்’ என்னும் பொருளுடைய பட்டத்தை அம்மரபினர் தாங்கிவந்தனர். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில் வாழ்ந்தவனும், பவணந்தி முனிவரை நன்னூல் இயற்றுமாறு வேண்டியவனுமாகிய அமராபரணன் சீயகங்கன் இப்பட்டத்தைப் பெற்றிருந்தமை தமிழிலக்கண வரலாற்றோடு கோலாருக்குள்ள தொடர்பைக் காட்டும்.

11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்கநாடு சோழர் வசமாயிற்று. கோலாரை உள்ளிட்ட பகுதி ‘நிகரிலிசோழ மண்டலம்’ எனப் பெயர் பெற்றது. கோலாரம்மன் கோயிலில் முதலாம் இராசேந்திரன், முதலாம் குலோத்துங்கன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. முன்னர்ச் செங்கல்லால் இருந்த அக்கோயிலின் பகுதிகள் இராசேந்திரன் காலத்தில் கற்றளியாக்கப்பெற்றன. லூயி ரைஸ் தொகுத்துப் பதிப்பித்த கருநாடகக் கல்வெட்டுத் தொகுதிகளுள் கோலார் மாவட்டத்திற்குரிய பத்தாம் தொகுதி 1905இல் வெளிவந்தது. கன்னடக் கல்வெட்டுகளோடு தமிழ்க் கல்வெட்டுகளும் அதில் மிகுதியாக இடம்பெற்றுள்ளன.

இக்கல்வெட்டுகள் அடிக்கடி பேசும் பொருள்களுள் ஏரி ஒன்று. ஏரி கட்டியவர்க்கும் உடைப்பைச் சீர்செய்தவர்க்கும் அவ்வேரியின் கீழுள்ள நிலத்தில் ஒரு பகுதி கொடையாக வழங்கப்பட்டது. கங்கர் காலக் கன்னடக் கல்வெட்டுகள் இதனைப் ‘பிட்டுவட்ட’ என்றும், பிற்காலத்தன ‘கட்டுக்கொடகெ’ என்றும் குறிக்கின்றன. தமிழ்க் கல்வெட்டுகளில் பயிலும் ‘ஏரிப்பட்டி’ என்பது ஏரிப் பராமரிப்புக்கென விடப்பட்ட நிலமாகும். ஏரியைக் கட்டுவது ஒருமுறை நிகழும் அறச்செயல். அதனைக் காப்பது ஆண்டுதோறும் தொடரும் பணி. அப்பணிக்குரிய செலவை ஏரியின் விளைவிலிருந்தே பெறுமாறு அமைத்ததே இக்கொடைகளின் சிறப்பு எனலாம்.

பேத்தமங்கலம் ஏரி இதற்குச் சிறந்த சான்று. பாலாற்றின் குறுக்கே அமைந்த இவ்வேரியின் ஊர் பழங்காலத்தில் விசயாதித்தமங்கலம் எனப்பட்டது. உடைந்துபோன இவ்வேரி 10ஆம் நூற்றாண்டில் நுளம்ப மன்னன் காலத்திலும், மீண்டும் 12ஆம் நூற்றாண்டில் போசளத் தளபதி ஒருவராலும் சீர்செய்யப்பெற்றது. 1903 நவம்பரில் பெய்த பெருமழையில் பாலாற்றுத் தொடரேரிகள் உடைந்தபோது இவ்வேரியும் உடைந்தது. அவ்வெள்ளம் எல்லை கடந்து வாணியம்பாடியைப் பெரிதும் அழித்தது. ஏரி மீண்டும் கட்டப்பெற்றது. அரச மரபுகள் மாறினும் ஏரியைப் புதுப்பிக்கும் கடமை ஒரு மரபிலிருந்து மற்றொரு மரபுக்குக் கைமாறி வந்துள்ளமையை இதனால் அறியலாம்.

விசயநகர காலத்தில் முளுபாகல் ஓர் இராச்சியத்தின் தலைமையிடமாக விளங்கியது. இப்பகுதி பின்னர்ப் பாளையக்காரர், பீசப்பூர்ச் சுல்தானியர், மராட்டியர், மொகலாயர் ஆகியோரின் ஆட்சிக்கு உட்பட்டு, ஐதர் அலி காலத்தில் மைசூரின் பகுதியாயிற்று. ஐதர் அலி பிறந்த பூதிக்கோட்டை இம்மாவட்டத்தின் பங்காருப்பேட்டை வட்டத்தில் உள்ளது.

ஊர்ப்பணியாளரும் நீர்ப்பங்கீடும்

ஏரிநீரைப் பங்கிடும் பொறுப்பு ‘நீரகண்டி’ என்னும் ஊர்ப்பணியாளரிடம் இருந்தது. தமிழகத்தின் நீர்க்கட்டி, மடையன் ஆகியோரோடு இவரை ஒப்பிடலாம். தூம்பைத் திறப்பதும் மூடுவதும், வரத்துக்காலில் அடைப்பு நீக்குவதும், மழைக்காலத்தில் இரவும் பகலும் கரையைக் காப்பதும், உடைப்பின் அறிகுறி கண்டால் ஊரை எழுப்புவதும் இவர்தம் பணிகள். நிலவுடைமையாளர் தாமே தூம்பைத் தொடக்கூடாது என்பது வழக்கு. இப்பணிக்கு ஈடாக மானிய நிலமும், அறுவடையில் ஒரு பங்கு கதிரும் அவருக்கு உரியன.

ஏரி நிரம்பாத ஆண்டில் நெல் பயிரிடுவதா, கேழ்வரகு பயிரிடுவதா, அச்சுக்கட்டில் எவ்வளவு நிலத்திற்கு நீர் விடுவது என்பனவற்றை ஊரார் கூடி முடிவுசெய்தனர். கோடைக்காலத்தில் ஏரி வற்றியபின் வண்டலை வாரி வண்டிகளில் ஏற்றித் தம் கொல்லைகளுக்கு உழவர் கொண்டுசென்றனர். ஏரி ஆழமாயிற்று, மேட்டுநிலம் உரமாயிற்று. ஏரியைச் சார்ந்த ‘குண்டுதோப்பு’ என்னும் பொதுத்தோப்பும், ‘கோமாளம்’ என்னும் மேய்ச்சல்நிலமும் இவ்வமைப்பின் உறுப்புகளாக இருந்தன.

எனினும் இவ்வமைப்பைக் குறையற்ற பொற்காலமாகக் கருதுதல் பொருந்தாது. பல ஊர்களில் நீரகண்டியும் தோட்டியும் தீண்டாமைக்கு உட்பட்ட சமூகத்தினராகவே இருந்தனர். ஊருக்கெல்லாம் நீர் பங்கிட்டவர் ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் மொள்ள இயலாதவராக வாழ்ந்தார். ஏரிநீரின் பயன் நன்செய் உடையவர்க்கே மிகுதியாகக் கிட்டியது. 2011 கணக்கெடுப்பின்படி இம்மாவட்ட மக்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். ஏரியின் வரலாற்றை எழுதும்போது அதனைக் காத்தவர்க்கும் அதன் பயனைத் துய்த்தவர்க்கும் இடையே இருந்த இவ்வேறுபாட்டை மறத்தல் இயலாது.

புன்செய் வேளாண்மையும் நம்பிக்கைகளும்

ஏரியின்கீழ் நெல்லும் கரும்பும் விளைந்தன. எனினும் மக்களின் உணவு கேழ்வரகே. மழையை நம்பிய மேட்டுநிலத்தில் கேழ்வரகை விதைக்கும்போது, சில வரிசைகளுக்கு ஒருமுறை அவரை, துவரை, பேயெள் போன்றவற்றை ஊடுபயிராக இடும் முறை ‘அக்கடி சாலு’ எனப்படுகிறது. ஒரு பயிர் பொய்ப்பினும் மற்றொன்று கைகொடுக்கும். கேழ்வரகு எளிதில் பூச்சி பிடிக்காத தானியம். தரையில் குழிதோண்டி அதனைப் பல ஆண்டுகள் சேமித்துவைக்கும் ‘ஹகேவு’ என்னும் முறை, தமிழகத்தின் குதிர், பத்தாயம் போன்று, பஞ்சத்திற்கு எதிரான காப்பாக விளங்கியது. கேழ்வரகுக் களியும் கீரை, பயறு வேகவைத்த நீரால் ஆன சாறும் இன்றும் இம்மக்களின் அன்றாட உணவு.

மழை பொய்த்தபோது ‘மளெராயன்’ என்னும் களிமண் உருவைச் சிறுவர் தலையில் சுமந்து வீடுதோறும் சென்று தானியம் பெறும் வழக்கம் உண்டு. இது தமிழகத்தின் மழைச்சோற்று வழிபாட்டோடு ஒப்பிடத்தக்கது. ஏரிக்கரைதோறும் கங்கம்மா, துக்கலம்மா முதலிய தாய்த்தெய்வங்கள் கோயில் கொண்டுள்ளனர். ஏரியில் நீர் நிற்பதற்காக மருமகள் ஒருத்தி பலியாவதைக் கூறும் ‘கெரெகெ ஹார’ என்னும் கதைப்பாடல் கன்னட நாடெங்கும் பரவியது. நீர் வேண்டி ஊர் கொடுத்த விலையில் பெண்ணின் பங்கையும் அக்கதை நினைவில் வைத்துள்ளது. தமிழ் மரபினரான திகளர் நடத்தும் திரௌபதியம்மன் கரகவிழா கோலார், மாலூர்ப் பகுதிகளில் இன்றும் சிறப்புற நிகழ்கிறது.

பஞ்சமும் பொன்னும் இடப்பெயர்வும்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாக்கிய பெரும்பஞ்சத்தில் மைசூர் நாடு தன் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பகுதியினரை, அதாவது பத்து இலட்சம் பேரளவில், இழந்தது. தொடர்ந்து மழை பொய்த்தபோது ஏரிகளும் சேமிப்புக் குழிகளும் காக்க இயலாத நிலை ஏற்பட்டது. வடார்க்காடு, சேலம் மாவட்டங்களும் அப்பஞ்சத்தால் சிதைந்தன.

இதனை அடுத்தே தங்கச்சுரங்கத் தொழில் வளர்ந்தது. 1802இல் ஜான் வாரன் என்னும் படையதிகாரி இப்பகுதியில் உள்ளூர் மக்கள் பொன் எடுப்பதைக் கண்டு பதிவுசெய்தார். 1870களில் மைக்கேல் லவெல் தோண்டும் உரிமை பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்றபின் தொழில் விரிவடைந்தது. சுரங்கத்தில் இறங்கியோரில் மிகப் பலர் வடார்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தமிழ் பேசும் ஒடுக்கப்பட்ட மக்கள். வறண்ட நிலத்தில் கூலியாகவும் பண்ணையாளாகவும் இருந்தோர்க்குச் சுரங்கம் பணக்கூலியையும் சாதிக்கட்டிலிருந்து ஓரளவு விடுதலையையும் தந்தது. அதற்கு ஈடாகப் பாறைவெடிப்பும் நுரையீரல் நோயும் அவர்தம் உயிரைக் குடித்தன.

1902இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரியின் மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவு கடந்து தங்கவயலுக்கு வந்தது. குடிநீரோ பேத்தமங்கலம் ஏரியிலிருந்தே வந்தது. ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய ஓர் ஏரியே உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றின் தொழிலாளர்க்கு நீர் ஊட்டியது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. சுரங்கம் ஏறத்தாழ 800 டன் பொன்னை ஈந்தபின் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதன்பின் தங்கவயல் மக்கள் நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோராயினர். பஞ்சம் அவர்தம் முன்னோரைக் கோலாருக்குக் கொணர்ந்தது. சுரங்க மூடல் வழிவந்தோரை வெளியே அனுப்பியது.

ஏரியமைப்பின் சிதைவு

1892இல் சென்னை மாகாணத்திற்கும் மைசூருக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாடு பாலாறு, தென்பெண்ணை உள்ளிட்ட ஆறுகளில் மைசூர் புதிய நீர்த்தேக்கம் அமைப்பதைக் கட்டுப்படுத்தியது. எனவே இருக்கும் ஏரிகளைக் காப்பதே கோலாருக்கு எஞ்சிய வழி. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதற்கு மாறான நிலை உருவானது.

பரம்பரை ஊர்ப்பதவிகளை ஒழிக்கும் மைசூர்ச் சட்டம் 1961இல் இயற்றப்பட்டு 1963இல் நடைமுறைக்கு வந்தது. பிறப்பால் வந்த பதவிகளையும் அவற்றோடு பிணைந்த இழிவையும் நீக்கிய வகையில் அச்சட்டம் நீதியானதே. ஆயினும் நீரகண்டியின் பதவி நீங்கியபோது அவர் செய்த பணியை மேற்கொள்ள வேறு அமைப்பு எதுவும் ஊரில் உருவாக்கப்படவில்லை. ஏரிகள் அரசுத் துறைகளின் பட்டியலுக்குள் சென்றன. வண்டல் வாரும் வழக்கம் குன்றியது, வரத்துக்கால்கள் வயல்களாயின, ஏரியின் உட்பரப்பு ஆக்கிரமிக்கப்பட்டது.

1970களுக்குப் பின் பாறையைத் துளைக்கும் பொறிகள் பரவின. ஏரி ஊர்ப்பொது, ஆழ்துளைக் கிணறோ தனியுடைமை. கிணறு வெட்ட வல்லவர்க்கு ஏரியின்மீது அக்கறை குறைந்தது. வேளாண்மைக்கு இலவச மின்சாரம் கிடைத்தபின் நீரிறைப்புக்கு வரம்பில்லை. 1980களில் சமூகக்காடு வளர்ப்புத் திட்டத்தின்வழித் தைலமரம் பரவி, கேழ்வரகு விளைந்த புன்செய்களையும் ஆட்கொண்டது. இம்மரத்தைப் புதிதாக நடுவதைக் கருநாடக அரசு 2017இல் தடைசெய்தது. எருதுகள் இறைத்த கிணறுகள் தூர்ந்தன. ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியையும் கடந்தன. நீர் ஆழ்ந்துசெல்லச் செல்ல ஃபுளூரைடு என்னும் நச்சுக்கூறும் மிகுந்து, பற்களையும் எலும்புகளையும் தாக்கியது. பொய்த்த கிணறுகளுக்காக வாங்கிய கடன் சிறு உழவர்களை நிலத்திலிருந்து அகற்றியது.

இச்சூழலிலும் உழவர் தளர்ந்துவிடவில்லை. பட்டு வளர்ப்பு, கறவைமாடு, சீனிவாசப்பூர் மாங்காய், தக்காளி எனப் பல வழிகளை மேற்கொண்டனர். கோலாரின் தக்காளிச் சந்தை ஆசியாவின் பெரிய சந்தைகளுள் ஒன்றாக வளர்ந்தது. ஆனால் இவ்வளத்தின் பெரும்பகுதி, மீண்டும் நிரம்பாத நிலத்தடி நீரைச் செலவிட்டுப் பெற்றதே ஆகும். மாவட்டத்தின் எல்லா வட்டங்களும் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்படும் பகுதிகளாக மைய நிலத்தடி நீர் வாரியத்தால் வகைப்படுத்தப்பட்டுள்ளன.

மீட்பு முயற்சிகள்

2002இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கப்பெற்ற ஏரி மேம்பாட்டுத் திட்டம் ஊர்மக்கள் குழுக்களிடம் ஏரிகளை ஒப்படைக்க முனைந்தது. 2018இல் பெங்களூர்க் கோரமங்களா–சல்லகட்டாப் பள்ளத்தாக்கின் கழிவுநீரைத் தூய்மைசெய்து கோலார் ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம் செயற்படத் தொடங்கியது. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் நீர் அனுப்புவது அதன் இலக்காகும். நெடுங்காலம் வறண்டுகிடந்த ஏரிகள் நிரம்பின; கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது. அதேவேளை இந்நீர் இரண்டாம் நிலைத் தூய்மைக்கு மட்டுமே உட்படுவதால் நிலத்தடி நீர் மாசுறும் என்னும் அச்சம் எழுந்து, வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. கோலாரின் காய்கறியையும் பாலையும் பெற்றுக்கொள்ளும் நகரம் தன் கழிவுநீரை ஈடாக அனுப்புகிறது எனும் மனக்குறை அப்பகுதி உழவரிடையே உள்ளது. மேற்குத்தொடர்ச்சி மலையின் எத்தினஹொளெ நீரைக் கிழக்கே கொணரும் திட்டத்தின் முதற்கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பெற்றது.

இதற்கிடையே 2021 நவம்பரில் பெருமழை பெய்து, பாலாற்றில் தமிழக எல்லைக்குள்ளும் வெள்ளம் பெருக்கெடுத்தது. மழை அற்றுப்போகவில்லை என்பதை அது காட்டியது. வந்த நீரை வாங்கிவைக்கத் தக்க நிலையில் வரத்துக்கால்களும் கரைகளும் உள்ளனவா என்பதே வினா.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. கோலார் இயற்கையால் மழைகுறைந்த நிலமே. ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தொடரேரிகளாலும், அவற்றின் காப்புக்கென ஒதுக்கிய நிலக்கொடைகளாலும், நீரகண்டி முதலிய பணியாளர்தம் உழைப்பாலும் அந்நிலம் மக்களைத் தாங்கியது. இன்றைய நீர்த்தட்டுப்பாட்டிற்கு மழைக்குறைவைவிட, பொதுநீரைக் காக்கும் பொறுப்பு எவருக்கும் உரியதாகாமல் போனமையே முதன்மைக் காரணம் எனலாம். பழைய அமைப்பு சாதியிழிவின்மீது நின்றமையால் அதனை அவ்வாறே மீட்டல் இயலாது, மீட்பதும் தகாது. ஆனால் அப்பணிக்கு உரிய ஊதியமும் மதிப்பும் அளித்து, நிலமற்றோர்க்கும் ஏரியின் பயனில் பங்களிக்கும் புதிய ஊரமைப்பு தேவைப்படுகிறது. தொலைவிலிருந்து நீரைக் கொணரும் திட்டங்கள் ஏரிகளை நிரப்பக்கூடும். நிரம்பிய ஏரியின் தூம்பை யார் திறப்பது, கரையை யார் காப்பது என்பதற்கு விடை காணாதவரை அந்நிரப்பு நிலைபெறாது. பேத்தமங்கலம் ஏரியைத் தம் காலத்தில் உடைப்படைத்து அடுத்த தலைமுறைக்கு ஒப்படைத்தோரின் வரலாறு உணர்த்துவதும் இதுவேயாகும்.